நிழல் அளந்த நெறி
பகற்பொழுது நீண்டு குறுகும் வரலாறு

திண்டுக்கல் சமவெளி மேற்கே சென்று மலையடிவாரத்தைத் தொடும் இடத்தில் அமைந்துள்ள ஊர் வத்தலக்குண்டு. கொடைக்கானலுக்கு மலைப்பாதை ஏறுவோர்க்கு இது வாயிலூர். இலக்கிய அன்பர்களுக்கு இராஜமய்யரையும், பி. எஸ். ராமையாவையும், சி. சு. செல்லப்பாவையும் நினைவூட்டும் ஊர். நாட்டு விடுதலை வரலாறு கற்றோர்க்கு, 1884ஆம் ஆண்டு சுப்பிரமணிய சிவா பிறந்த ஊர். ஐவேளைத் தொழுகையையும் ரமளான் நோன்பையும் பேணி வாழும் நம் மக்களுக்கோ இவ்வூர் மற்றொரு வகையிலும் கருதத்தக்கது. இங்கே மேற்கு வானத்தின் அடிவிளிம்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. பழனி மலைத்தொடர் அதனை மறைத்து நிற்கிறது.

கதிரவன் மலைக்குப் பின்னே இறங்கிவிட்டதைக் கண்டு, “பொழுது சாய்ந்துவிட்டது” என்று ஒருவர் நோன்பு துறந்தால், அவர் உண்மையான மறைவுக்குப் பத்து நிமிடங்களுக்கு மேல் முந்திவிடவும் கூடும். மலை கதிரவனை மறைத்தது வேறு. கதிரவன் மறைந்தது வேறு. மார்க்கச் சட்ட அறிஞர்கள் இவ்விரண்டையும் தெளிவாகப் பிரித்தே சொல்லியிருக்கின்றனர். மேற்கே மலையோ கட்டடமோ தடுக்குமிடத்தில் கிழக்கே இருள் எழுவதைக் கவனிக்க வேண்டும் என்பது அவர்கள் காட்டிய வழி.

அப்படியானால் உண்மையான மறைவு எத்தனை மணிக்கு? அது ஏன் நாள்தோறும் மாறுகிறது? ஆனி மாதத்தில் நீண்டு கிடக்கும் பகல் மார்கழியில் ஏன் சுருங்குகிறது? இவ்வினாக்களுக்கு விடை தேடியவர்களின் வரலாற்றில், நம் முன்னோர்களான முஸ்லிம் வானியல் அறிஞர்களுக்குப் பெரும் பங்குண்டு. அவ்வரலாற்றையும், இன்று நம் பள்ளிவாசல் சுவரில் தொங்கும் நேர அட்டவணைக்கும் அதற்குமுள்ள உறவையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சாய்ந்து சுழலும் பம்பரம்

முதலில் காரணத்தைப் பார்ப்போம். கோடையில் நாம் கதிரவனுக்கு அருகில் இருக்கிறோம், குளிர்காலத்தில் தொலைவில் இருக்கிறோம் என்று கருதுவோர் பலர். உண்மை இதற்கு நேர்மாறானது. பூமி கதிரவனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில். அப்போது இடைத்தொலைவு ஏறக்குறைய 14.71 கோடி கிலோமீட்டர். மிகத் தொலைவில் இருப்பது ஜூலைத் தொடக்கத்தில். அப்போது ஏறக்குறைய 15.21 கோடி கிலோமீட்டர். ஆகவே பருவங்கள் மாறுவதற்குத் தொலைவு காரணமன்று.

காரணம் சாய்வு. நடுவில் ஒரு விளக்கை வைத்து, அதனைச் சுற்றி ஒரு பம்பரம் சுழன்றபடியே வலம் வருவதாக எண்ணிக்கொள்ளுங்கள். பம்பரத்தின் அச்சு நிமிர்ந்து நில்லாமல் சற்றே சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வு எப்போதும் ஒரே திசையை நோக்கியிருக்கிறது. விளக்கின் ஒரு புறத்தில் பம்பரம் இருக்கும்போது அதன் தலைப்பகுதி விளக்கை நோக்கிச் சாய்ந்திருக்கும். அதுவே சுற்றி மறுபுறம் சென்றதும், சாய்வு மாறாதபோதும், தலைப்பகுதி விளக்கை விட்டு விலகிச் சாய்ந்ததாக ஆகிவிடும். பூமியின் நிலையும் இதுவே. அதன் அச்சு ஏறக்குறைய 23 பாகை 26 கலை சாய்ந்துள்ளது. (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை.) ஜூன் 21ஆம் நாளை ஒட்டி வடபாதி கதிரவனை நோக்கிச் சாய்கிறது. அப்போது வடபாதியில் உள்ள ஓர் ஊர், பூமி ஒருமுறை சுழலும் நேரத்தில் பெரும்பகுதியை வெளிச்சத்திலும் சிறுபகுதியை இருளிலும் கழிக்கிறது. டிசம்பர் 21ஆம் நாளை ஒட்டி நிலை தலைகீழாகிறது.

இந்த ஏற்றத்தாழ்வு நிலநடுக்கோட்டில் இல்லை எனலாம். வடக்கே செல்லச் செல்ல அது மிகுகிறது. நம்மவர்கள் பொருளீட்டச் சென்ற சிங்கப்பூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு சுமார் 9 நிமிடமே. வத்தலக்குண்டில் நீண்ட பகல் 12 மணி 43 நிமிடம். குறுகிய பகல் 11 மணி 32 நிமிடம். வேறுபாடு 1 மணி 11 நிமிடம். புனித மக்காவில் நீண்ட பகல் 13 மணி 26 நிமிடம், குறுகிய பகல் 10 மணி 50 நிமிடம். இலண்டனிலோ நீண்ட பகல் 16 மணி 38 நிமிடம். குறுகியது 7 மணி 50 நிமிடம் மட்டுமே.

பல்கார் நாட்டில் ஒரு முஅத்தின்

இவ்வேறுபாட்டை ஏட்டில் படிப்பது ஒன்று. வாழ்க்கையில் எதிர்கொள்வது மற்றொன்று. கி.பி. 921இல் பக்தாதிலிருந்து அப்பாஸிய கலீஃபா அல்-முக்ததிர் அனுப்பிய தூதுக்குழுவில் இப்னு ஃபள்லான் என்பார் இருந்தார். 922ஆம் ஆண்டு மே மாதம் அக்குழு வோல்கா ஆற்றங்கரையிலுள்ள பல்கார் நாட்டை அடைந்தது. அங்கு ஓர் இரவு, பக்தாதைச் சேர்ந்த தையற்காரர் ஒருவரோடு கூடாரத்தில் அமர்ந்து, இஷாப் பாங்கை எதிர்பார்த்தவாறே அவர் உரையாடிக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் பாங்கொலி கேட்டு வெளியே வந்தால், வைகறை வெளுத்திருந்தது. ஒலித்தது இஷாவுக்கான அழைப்பன்று, ஃபஜ்ருக்கான அழைப்பு! அவ்வூர் முஅத்தினிடம் விசாரித்தபோது, இஷாவை மக்ரிபோடு சேர்த்தே தொழுவதாகவும், வைகறைத் தொழுகை தவறிவிடுமோ என்னும் அச்சத்தால் தாம் ஒரு மாத காலமாக இரவில் உறங்கவில்லை என்றும் அவர் கூறினார்.

இந்நிகழ்ச்சியை இப்னு ஃபள்லான் தம் பயணக் குறிப்பில் பதிந்துள்ளார். பக்தாத் அறிஞர்களுக்கு இது வெறும் விந்தைச் செய்தியாக இருந்திருக்க இயலாது. இஸ்லாம் பரவிய நிலப்பரப்பு விரிய விரிய, “இவ்வூரில் இன்று எந்நேரத்தில் பொழுது சாயும்?” என்ற வினா ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் எழுந்தது. தொழுகையின் வக்துகள் கடிகாரத்தால் வகுக்கப்பட்டவை அல்ல. கதிரவனின் போக்காலும் நிழலின் நீளத்தாலும் வகுக்கப்பட்டவை. கதிரவன் உச்சி சாய்ந்தால் லுஹர். உச்சி நேர நிழலோடு ஒரு பொருளின் நீள அளவு நிழல் மேலும் கூடினால் அஸர் என்பது ஷாஃபிஈ நெறி; இரு மடங்கு கூடினால் என்பது இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் பெயர்பெற்ற கருத்து. தமிழகத்தின் கடற்கரை ஊர்களில் முன்னதையும், வத்தலக்குண்டு போன்ற உள்நாட்டு ஊர்களில் பெரும்பாலும் பின்னதையும் பின்பற்றுகின்றனர். இரு நெறிக்கும் அடிப்படை நிழலே. நிழலை அறிய வேண்டுமாயின் கதிரவனின் உயரத்தை அறிய வேண்டும். அதனை அறிய வேண்டுமாயின், அந்தச் சாய்வின் அளவை அறிந்தே தீரவேண்டும்.

சாய்வை அளந்தவர்கள்

முஸ்லிம் அறிஞர்களுக்கு முன்பே சாய்வின் அளவு ஓரளவு அறியப்பட்டிருந்தது. இந்திய வானியலார் அதனை 24 பாகை எனக் கொண்டனர். கிரேக்க மரபில் வந்த தாலமி 23 பாகை 51 கலை என்றார். பிறர் எழுதி வைத்ததை ஏற்றுக்கொண்டு அமைதியுறாமல், தாமே அளந்து பார்க்க முனைந்ததுதான் பக்தாத் அறிஞர்களின் சிறப்பு. கலீஃபா மஃமூன் காலத்தில், கி.பி. 828ஆம் ஆண்டை ஒட்டி, பக்தாதின் ஷம்மாஸிய்யாப் பகுதியில் யஹ்யா இப்னு அபீ மன்ஸூர் முதலானோர் கதிரவனை அளந்து, சாய்வு 23 பாகை 33 கலை எனக் கண்டனர். அவர்களுக்குப் பின் ரக்கா நகரில் 877 முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வானை நோக்கிய அல்-பத்தானி, 23 பாகை 35 கலை என்று வரையறுத்தார். அக்காலத்து உண்மை அளவுக்கு இது வியக்கத்தக்க அளவு நெருங்கியது. அவருடைய நூல் பன்னிரண்டாம் நூற்றாண்டில் இலத்தீனுக்குச் சென்றது. 1543இல் வெளிவந்த கோப்பர்நிக்கஸின் பெருநூலில் அல்-பத்தானியின் பெயர் எடுத்தாளப்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது.

கி.பி. 994இல் ரைய் நகரில் அல்-குஜந்தி என்னும் அறிஞர், புவைஹி அரசர் ஃபக்ருத் தவ்லாவின் ஆதரவில் மாபெரும் கருவியொன்றை எழுப்பினார். நாற்பது முழ ஆரமுடைய வட்டத்தின் ஆறில் ஒரு பங்கான வளைவு அது. மேல்மாடத்துச் சிறு துளை வழியே விழும் ஒளி அவ்வளைவின் மீது எங்கே படுகிறது என்பதைக் கொண்டு உச்சிக் கதிரவனின் உயரத்தை அளந்தார். அவர் கண்ட அளவு 23 பாகை 32 கலை. முன்னோர் கண்ட அளவுகள் 24, 23-51 எனத் தொடர்ந்து, தம் அளவு அவற்றினும் குறைந்திருப்பதை நோக்கிய அவர், சாய்வே காலப்போக்கில் குறைந்து வருகிறது எனக் கருதினார்.

இங்குதான் அறிவு நேர்மையின் அரிய காட்சியொன்றைக் காண்கிறோம். அல்-பீரூனி, குஜந்தியைப் பெரிதும் மதித்தவர். ஆயினும் அந்த அளவை அவர் அப்படியே ஏற்கவில்லை. பெருங்கருவியின் மேல்மாடத் துளை தன் இடத்திலிருந்து ஒரு சாண் அளவு இறங்கிவிட்டதைக் குஜந்தியின் வாயிலாகவே அறிந்து, பிழை அங்கே நுழைந்தது எனப் பதிவு செய்தார். தாமே அளந்து 23 பாகை 35 கலை என்றார். குஜந்தியின் எண்ணில் இரண்டு கலை அளவு பிழை இருந்தது மெய்யே. ஆயின் சாய்வு குறைந்து வருகிறது என்ற அவருடைய கருத்து பின்னாளில் உண்மையாயிற்று. நூறு ஆண்டுக்கு ஒரு கலைக்கும் சற்றுக் குறைவாக அது இன்றும் குறைந்துகொண்டே இருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் சமர்க்கந்தில் உலூக் பேக் கண்ட 23 பாகை 30 கலையும், இன்றைய 23 பாகை 26 கலையும் இதற்குச் சான்றாகும்.

இவ்வறிஞர்கள் பெரும்பாலும் பூமியை நிலையானதாகவும் கதிரவனை அதனைச் சுற்றுவதாகவும் கொண்டே கணக்கிட்டனர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கதிரவனின் பாதை சாய்ந்திருக்கிறது என்று அவர்கள் சொன்னதையே, பூமியின் அச்சு சாய்ந்திருக்கிறது என்று நாம் இன்று சொல்கிறோம். அளக்கப்பட்ட கோணம் ஒன்றேதான். விளக்கம் மாறியது, அளவு நிலைத்தது. மெய்யாக அளந்தவனின் உழைப்பு வீண்போவதில்லை.

பள்ளிவாசலில் ஒரு வானியலார்

அல்-பீரூனி நிழல்களைப் பற்றி மட்டுமே தனி நூலொன்று எழுதினார். தொழுகை நேரங்களை நிழலால் அறியும் முறைகள் அதில் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. நேரம் காட்டும் கருவியொன்றில் ரூமியரின் மாதப் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன என்பதற்காகவே அக்கருவியை ஏற்க மறுத்த ஒருவரைப் பற்றியும் அதில் அவர் எழுதியுள்ளார். அந்த வாதத்தின் பொருந்தாமையை எள்ளலோடு எடுத்துக்காட்டுகிறார். கதிரவனின் ஆண்டு ரூமியருக்கு மட்டும் உரியதன்று. பருவங்களை அறியக் கதிரவன் கணக்கும், மாதங்களை அறியப் பிறைக் கணக்கும் நமக்குத் தேவை. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மறுப்பது அறிவுடைமையாகாது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில் “முவக்கித்” என்னும் பணி தோன்றியது. பள்ளிவாசலிலேயே ஊதியம் பெற்று, தொழுகை நேரங்களைக் கணக்கிட்டுத் தரும் வானியலாளரே முவக்கித். திமிஷ்க் நகரின் உமய்யாப் பெரும்பள்ளியில் தலைமை முவக்கித்தாகப் பணியாற்றியவர் இப்னு ஷாத்திர். 1371-72இல் அப்பள்ளியின் மினாராவில் அவர் நிறுவிய நிழற்கடிகாரம் உலகப் புகழ் பெற்றது. அதன் நிழற்கோல் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதனால் கோடையிலும் குளிரிலும் ஒரே அளவான மணிகளை அது காட்டியது. அவ்வகையில் இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய நிழற்கடிகாரம் அதுவே என்பர். அதுவரை மக்கள் பகலைப் பன்னிரண்டாகப் பகுத்து, கோடையில் நீண்ட மணியும் குளிர்காலத்தில் குறுகிய மணியுமாக வழங்கி வந்தனர். தமிழ் மக்களோ ஒரு நாளை அறுபது நாழிகையாக, ஒரு நாழிகை 24 நிமிடமாக, சமமாகவே பகுத்துக்கொண்டிருந்தனர் என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது.

மதராஸ் நேரமும் மலைமேல் ஆய்வகமும்

நம் மண்ணின் வரலாற்றுக்கு வருவோம். 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வகத்தை நிறுவியது. அங்குள்ள கருங்கல் தூணில் தமிழ் உட்படப் பல மொழிகளில் அச்செய்தி பொறிக்கப்பட்டது. அவ்வாய்வகத்தில் கணிக்கப்பட்ட மதராஸ் நேரம், இரயில்வேக்கள் வந்த பின்னர் நாட்டின் பெரும்பகுதிக்கு வழிகாட்டும் நேரமாயிற்று. 1906 ஜனவரி முதல் நாள் தொட்டு, கிழக்கு நெட்டாங்கு 82½ பாகையை அடிப்படையாகக் கொண்ட இந்தியப் பொது நேரம் வழக்கிற்கு வந்தது.

இதற்கிடையே, கதிரவனை ஆராயத் தெளிந்த வானமுள்ள உயரமான இடம் தேடிய மிச்சி ஸ்மித், கொடைக்கானலைத் தேர்ந்தார். 1899இல் ஆய்வுப் பணி அங்கு மாற்றப்பட்டது. கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், வத்தலக்குண்டுக்கு மேற்கே வானத்தை மறைத்து நிற்கும் அதே மலைத்தொடரின் மீது, கதிரவனையே நாள்தோறும் நோக்கும் ஆய்வகம் அமைந்தது. 1909இல் ஜான் எவர்ஷெட் கதிரவனின் கரும்புள்ளிகளில் வாயுக்கள் நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை அங்கேதான் கண்டறிந்தார். அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. அடிவாரத்து மக்களுக்குக் கதிரவனை மறைக்கும் மலை, அறிவுலகுக்கு அதனைக் காட்டும் மலையாயிற்று!

பத்து நிமிடம் கூட்டும் வழக்கம்

இனி நம் அன்றாட வாழ்வுக்குரிய செய்திக்கு வருவோம். இந்தியப் பொது நேரத்தின் அடிப்படைக் கோட்டிலிருந்து வத்தலக்குண்டு மேற்கே ஏறக்குறைய 4¾ பாகை தள்ளியுள்ளது. பாகைக்கு 4 நிமிட வீதம், இவ்வூரின் சராசரி உச்சிப்பொழுது பகல் 12 மணி 19 நிமிடம். சென்னையின் சராசரி உச்சி 12 மணி 9 நிமிடம். இரண்டுக்கும் வேறுபாடு 10 நிமிடம். ஆகவே சென்னைக்கெனக் கணித்த அட்டவணையை வைத்துக்கொண்டு, ஆண்டு முழுதும் எல்லா நேரத்துக்கும் பத்து நிமிடம் கூட்டினால் போதும் என்று கருதுவது இயல்பே. அவ்வாறு கருதுவோர் உள்ளூர்களில் உண்டு. அது எத்துணைப் பிழை என்பதைப் பின்வரும் கணக்கு காட்டும்.

ஜூன் 21ஆம் நாள் சென்னையில் கதிரவன் மறைவது ஏறக்குறைய மாலை 6.38, வத்தலக்குண்டில் 6.42. வேறுபாடு 5 நிமிடத்துக்கும் குறைவு. டிசம்பர் 21ஆம் நாள் சென்னையில் மறைவு 5.48, வத்தலக்குண்டில் 6.03. வேறுபாடு 15 நிமிடம்! ஏன் இப்படி? சென்னை கிழக்கே இருப்பதோடு வடக்கேயும் இருக்கிறது. வடக்கே இருப்பதால் அங்கே கோடைப் பகல் நம்மினும் நீளம். குளிர்காலப் பகல் நம்மினும் குறுகல். நெட்டாங்கால் வரும் வேறுபாடு நிலையானது. அகலாங்கால் வரும் வேறுபாடு பருவத்துக்குப் பருவம் மாறுவது. பத்து நிமிடம் கூட்டுவோர் முன்னதை மட்டும் கருதிப் பின்னதை மறந்துவிடுகின்றனர்.

இதன் விளைவு யாது? ஜூன் மாதத்தில் அவர்கள் ஐந்து நிமிடம் தாமதித்து நோன்பு துறப்பர். விரைந்து துறப்பதன் சிறப்பை இழப்பர். டிசம்பரிலோ கதிரவன் மறைவதற்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே நோன்பைத் துறந்துவிடுவர். பகலெல்லாம் பட்டினி கிடந்து காத்த நோன்பு, இறுதி ஐந்து நிமிடத்தில் ஒரு கூட்டல் கணக்கால் கெடுவதென்றால் அதைவிட வருந்தத்தக்கது வேறுண்டோ? ரமளான் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து, ஏறக்குறைய 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 2015, 2016 ஆண்டுகளில் ஜூனில் வந்த ரமளான், 2030இல் ஜனவரித் தொடக்கத்தில் ஒருமுறையும் டிசம்பர் இறுதியில் மற்றொரு முறையுமாக ஒரே ஆண்டில் இருமுறை தொடங்கவிருக்கிறது. ஜூனில் தாமதமாக மட்டும் இருந்த வழக்கம் அப்போது நோன்பையே முறிக்கும் வழக்கமாகிவிடும்.

மற்றுமொரு மயக்கமும் உண்டு. டிசம்பர் 21 கழிந்ததும் பகல் நீளத் தொடங்குகிறது. எனவே கதிரவன் முன்னதாக உதிக்கத் தொடங்கும் என எண்ணுவோம். ஆனால் வத்தலக்குண்டில் கதிரவன் மிகத் தாமதமாக உதிப்பது ஜனவரிக் கடைசியில். மிக முன்னதாக மறைவது நவம்பர் நடுவில். பூமியின் பாதை சரியான வட்டமாக இல்லாமையாலும், அச்சின் சாய்வாலும் உச்சிப்பொழுதே ஆண்டில் முன்பின்னாக நகர்கிறது. இவ்வூரில் நவம்பர்த் தொடக்கத்தில் பகல் 12 மணி 3 நிமிடத்தை ஒட்டியும், பிப்ரவரி நடுவில் 12 மணி 33 நிமிடத்திலும் உச்சி அமைகிறது. அரை மணி நேர வேறுபாடு! கடிகாரத்தில் பன்னிரண்டு அடித்தால் உச்சி என்பது இவ்வூருக்கு ஆண்டின் எந்நாளிலும் பொருந்தாது.

தை முதல் நாளில் உத்தராயணம் தொடங்குவதாகக் கொள்ளும் பஞ்சாங்க வழக்கும் இத்தொடர்பில் விளங்கும். விண்மீன்களை வைத்து ஆண்டைக் கணக்கிடுவதால், பூமியின் அச்சு மெல்லத் திரும்புவதற்கேற்ப 72 ஆண்டுகளுக்கு ஏறக்குறைய ஒரு நாள் வீதம் விலகல் சேர்ந்து, மெய்யான திருப்பம் இன்று மார்கழித் தொடக்கத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது. இவ்விலகலை அல்-பத்தானி 66 ஆண்டுக்கு ஒரு பாகை எனக் கணித்திருந்தார்.

ஒரு கோலும் ஒரு நிழலும்

இவையெல்லாம் பெருங்கருவி உடையோர்க்கே உரியன என்று எண்ண வேண்டியதில்லை. 100 சென்டிமீட்டர் நீளமுள்ள கோல் ஒன்றைப் பள்ளிவாசல் முற்றத்தில் செங்குத்தாக நடுங்கள். ஜூன் 21ஆம் நாள் உச்சியில் அதன் நிழல் தெற்கு நோக்கி 24 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக விழும். டிசம்பர் 21ஆம் நாள் வடக்கு நோக்கி ஏறக்குறைய 66½ சென்டிமீட்டர் விழும். முன்னது கதிரவன் தலையுச்சியிலிருந்து வடக்கே 13¼ பாகை சாய்ந்ததைக் காட்டும். பின்னது தெற்கே 33½ பாகைக்குச் சற்று மேல் சாய்ந்ததைக் காட்டும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் கிடைப்பது 23.4 பாகை. மஃமூனின் அறிஞர்கள் தேடிய சாய்வு அதுவே! பின்னதிலிருந்து முன்னதைக் கழித்துப் பாதியாக்கினால் 10 பாகைக்குச் சற்று மேல் வரும். அது வத்தலக்குண்டின் அகலாங்கு. ஆண்டில் இருமுறை, ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதி வாரத்திலும், உச்சியில் அக்கோலுக்கு நிழலே இராது. கணக்குப் படிக்கும் நம் பிள்ளைகள் ஆறு மாதப் பொறுமையோடு இதனைச் செய்து பார்க்கலாம்.

அக்கோல் கிப்லாவையும் காட்டும். ஆண்டுதோறும் மே 27 அல்லது 28ஆம் நாள் நம் நேரப்படி பிற்பகல் 2.48க்கும், ஜூலை 15 அல்லது 16ஆம் நாள் பிற்பகல் 2.57க்கும் கதிரவன் புனித கஅபாவின் நேர் உச்சியில் நிற்கிறது. அவ்வேளையில் கோலின் நிழலுக்கு நேர் எதிர்த்திசையே கிப்லா. வத்தலக்குண்டில் அது நேர் மேற்கன்று; மேற்கிலிருந்து வடக்கே ஏறக்குறைய 22 பாகை சாய்ந்த திசை. மே இறுதியிலும் ஜூலை நடுவிலும் கதிரவன் மறையும் இடமும் ஏறக்குறைய அத்திசையிலேயே அமைகிறது. திருக்குர்ஆனில் வரும் இரு கிழக்குகள், இரு மேற்குகள் என்னும் குறிப்புக்குக் கோடையிலும் குளிரிலும் கதிரவன் உதித்து மறையும் எல்லைகள் என விரிவுரையாளர்கள் பொருள் கண்டதை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும்.

தொழுகையின் நேரம் அறிய வேண்டுமென்ற மார்க்கக் கடமையே நம் முன்னோர்களை வானத்தை அளக்கச் செய்தது. அந்தக் கடமை இன்றும் அப்படியே இருக்கிறது. அளக்கும் வழக்கம்தான் அருகிவிட்டது. திமிஷ்க் பெரும்பள்ளி ஒரு வானியலாளரையே பணியில் வைத்திருந்தது. நம் ஊர் ஜமாஅத்துகளிடம் அவ்வளவு கேட்க வேண்டியதில்லை. தம் ஊரின் அகலாங்கையும் நெட்டாங்கையும் கொண்டு கணித்த அட்டவணை ஒன்றைத் தேடிப் பெற்றுத் தொங்கவிடுவதும், அதில் சொன்ன உச்சிப்பொழுதை முற்றத்து நிழலோடு ஆண்டுக்கு இருமுறையேனும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் போதும். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரும், நிழலின் சட்டம் அறிந்த ஆலிம் ஒருவரும் ஒரு பிற்பகல் உடனிருந்தால் இப்பணி இனிதே நிறைவேறும். கேட்பது ஒரு கோலும் ஓர் அளவுநாடாவுமே.